அக்கியும் எங்கள் கணக்குப் புத்தகமும்

எங்கள் வீட்டில் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. நாங்கள் இருவரும் பள்ளி ஆசிரியர்களாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். எங்களுள் ஒருவர் அறிவியலும் மற்றவர் கணிதமும் கற்பித்தவர். மணமான முதல் மாதத்தில் தொடங்கிய பழக்கம் இது: இரவு உணவு முடிந்ததும் அன்றைய செலவை எழுதிவிட்டுத்தான் உறங்கச் செல்வோம். பால், காய்கறி, பேருந்துக் கட்டணம், கோயில் காணிக்கை என எதுவும் விடுபடாது. செலவழித்த தொகையை மட்டுமின்றி, செலவழிக்கலாமா வேண்டாமா என்று எண்ணியதையும் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பதுண்டு.

அண்மையில் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தோம். 2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதப் பக்கத்தில் ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. "மருத்துவர் கட்டணம் 300 ரூபாய்" என்ற வரிக்கு அருகே, "அக்கி ஊசி – பிறகு பார்க்கலாம்" என்று பென்சிலால் எழுதியிருந்தது. அதே பக்கத்தில், உறவினர் இல்லத் திருமணத்துக்கு மோதிரம் வாங்கியதற்கு 24,000 ரூபாய் என்று மையால் எழுதியிருந்தது. இந்த இரண்டு வரிகளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினோம். அந்த மௌனத்தின் காரணத்தை இங்கே எழுத முற்படுகிறோம்.

எங்களுடன் வாழ்பவர் ஒரு மூத்த சகோதரி. எங்களில் ஒருவருக்கு அவர் உடன்பிறந்தவர், மற்றவருக்கு மதினி. இருவருக்கும் பொதுவாக அக்கா என்றே இங்குக் குறிப்பிடுவோம். திருமணம் செய்துகொள்ளாமல் தையல் ஆசிரியையாக உழைத்து, தம்பிமார் படிப்புக்கும் தங்கைமார் திருமணத்துக்கும் தம் வருவாயைக் கொடுத்தவர். இப்போது வயது எழுபதைக் கடந்துவிட்டது.

அந்த நவம்பரில் காய்ச்சலுக்காக நாங்கள் சென்ற மருத்துவர் எங்கள் பழைய மாணவர். மருந்து எழுதித் தந்தபின் சற்றுத் தயங்கி, "சார், டீச்சர், அக்கி வராமல் தடுக்க இப்போது ஓர் ஊசி வந்திருக்கிறது. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கானது. நீங்கள் இருவரும் போட்டுக்கொள்ளலாம். வீட்டிலுள்ள பெரியம்மாவுக்கும் போடலாம்" என்றார். விலையைக் கேட்டோம். இரண்டு தவணை, ஒருவருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையாது என்றார். மூவருக்கும் சேர்த்து 60,000 என்று எங்களுள் கணிதம் கற்பித்தவர் உடனே பெருக்கிப் பார்த்துவிட்டார். "யோசித்துச் சொல்கிறோம், தம்பி" என்று எழுந்துகொண்டோம். வரும் வழியில் எங்களுக்குள் நடந்த பேச்சு மிகச் சுருக்கமானது. "அக்கிக்கா இருபதாயிரம்?" என்றார் ஒருவர். மற்றவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்தது. வீட்டுக்கு வந்தபின் அக்காவிடம் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அக்கி என்றால் எங்கள் பகுதியில் யாரும் அஞ்சுவதில்லை. உடம்புச் சூட்டினால் வருவது, வேளார் தெருவுக்குப் போய் எழுதிக்கொண்டால் போய்விடுவது என்பதே சிறுவயது முதல் நாங்கள் கேட்டது. குயவர் செங்காவி மண்ணைக் குழைத்து, கொப்புளங்களைச் சுற்றியும் அவற்றின் மேலும் உருவங்கள் எழுதுவார். மண் உலரும்போது குளிர்ச்சி தரும். எரிச்சல் சற்று அடங்கும். கொப்புளங்களின் வரிசை உடலைச் சுற்றிவந்து இரு முனையும் ஒன்றுசேர்ந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று மட்டும் முதியோர் எச்சரிப்பார்கள். அது பெரும்பாலும் சேர்வதில்லை. எனவே அச்சமும் நிலைப்பதில்லை.

அறிவியல் கூறுவது வேறு. சிறுவயதில் சின்னம்மை வந்து போனவரின் உடலை விட்டு அந்த நச்சுயிரி போய்விடுவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஐம்பது, அறுபது ஆண்டுகள்கூட உறங்கிக் கிடக்கிறது. முதுமையினாலோ நோயினாலோ உடலின் எதிர்ப்பாற்றல் தளரும்போது விழித்து, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வந்து கொப்புளமாகிறது. அந்த ஒரு நரம்பின் எல்லைக்குள் நிற்பதால்தான் உடலின் ஒரு பக்கத்தோடு நின்றுவிடுகிறது. இங்கிலாந்தில் ஊர் மருத்துவராகப் பணியாற்றிய எட்கர் ஹோப் சிம்ப்சன் என்பவர், தம் நோயாளிகளைப் பல்லாண்டு கவனித்து எழுதி, 1965-இல் வெளியிட்ட கட்டுரையில் இதனைத் தெளிவாக எடுத்துரைத்தார். அமெரிக்காவில் மூவரில் ஒருவருக்கு வாழ்நாளில் அக்கி வருவதாகக் கணித்திருக்கிறார்கள். எனவே இது வெளியிலிருந்து வரும் சூடு அன்று. நம்முள்ளேயே வாடகையின்றிக் குடியிருக்கும் பழைய நோய். இதை எங்களுள் ஒருவர் வகுப்பில் சொல்லியும் இருக்கிறார். வகுப்பில் சொன்னது ஒன்று, உள்ளூர நம்பியது ஒன்று.

2024 ஆகஸ்டு மாதம் அக்காவுக்கு வலது விலாவில் எரிச்சல் கண்டது. வாய்வு என்று எண்ணிப் பூண்டும் பெருங்காயமும் உட்கொண்டார். இரண்டு நாளில் கொப்புளங்கள் வரிசையாக எழுந்தன. எங்களிடம் சொன்னால் கடிந்துகொள்வோம் என்று அடுத்த வீட்டு அம்மாளை அழைத்துக்கொண்டு வேளார் தெருவுக்குச் சென்றார். அந்தப் பெரியவர் பணம் கேட்பவர் அல்லர். தட்டில் வைப்பதை எடுத்துக்கொள்வார். வெற்றிலை பாக்குடன் 51 ரூபாய் வீதம் மூன்று நாள் வைத்திருக்கிறார் அக்கா. ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால்தான் முழுப்பயன் கிட்டும் என்றார் எங்கள் மாணவர். சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். ஊசியைப்பற்றி அவர் நினைவூட்டவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

கொப்புளங்கள் மூன்று வாரத்தில் உதிர்ந்தன. வலி உதிரவில்லை. அக்கி ஆறியபின்னும் நரம்பில் தங்கிவிடும் அந்த வலி முதியோருக்கே மிகுதியாக வரும் என்று பின்னர் அறிந்தோம். வாழ்நாளெல்லாம் துணியோடு பழகியவர் அக்கா. இப்போது மெல்லிய பருத்தித் துணி விலாவில் பட்டாலும் நெருப்புப் பட்டதுபோல் துடிக்கிறார். மின்விசிறிக் காற்றும் ஆகாது. வலிக்காகத் தந்த மாத்திரைகள் தலைசுற்றலைத் தந்தன. ஒருமுறை குளியலறையில் விழப்பார்த்தார். அதன்பின் மதுரைக்குப் பயணம், நரம்பு மருத்துவர், பரிசோதனைகள். பதினான்கு மாதச் செலவை எங்கள் புத்தகத்தில் கூட்டிப் பார்த்தோம்: 31,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. இந்தத் தொகையில் ஒரு ரூபாய்க்குக்கூட "பிறகு பார்க்கலாம்" என்று நாங்கள் பென்சிலால் எழுதவில்லை. எல்லாம் மையால் எழுதியவை. வந்த வலிக்குக் கேட்டதைக் கொடுத்தோம். வராத வலிக்கு விலை பேசினோம்.

ஊசி போட்டிருந்தால் அக்காவுக்கு இது வந்தே இராது என்று எவரும் உறுதி கூற முடியாது. அந்தத் தடுப்பூசியில் உயிருள்ள நச்சுயிரி இல்லை. அதன் மேலுறையிலுள்ள ஒரு புரதமும், எதிர்ப்பாற்றலைத் தூண்டும் துணைப்பொருளும் மட்டுமே உண்டு. ஐம்பது வயதைக் கடந்தோரிடையே நடந்த பெரும் ஆய்வில், ஏறக்குறைய நூற்றுக்கு 97 பங்கு காப்பாற்றியதாகக் கண்டனர். எழுபதைக் கடந்தோரிடையே நூற்றுக்கு 90 பங்கு. கையில் வலியும் ஓரிரு நாள் காய்ச்சலும் உடல் அசதியும் பலருக்கு வரும். இவ்வளவும் 2016-ஆம் ஆண்டுக்குள்ளாகவே உலகம் அறிந்த செய்தி. இந்தியாவுக்கு ஊசி வந்தது 2023-இல். நாங்கள் மறுத்ததற்கு அறியாமையைக் காரணமாகக் கூற இயலாது. கேட்டிருந்தால் எங்கள் மாணவர் அரை மணியில் விளக்கியிருப்பார். பணமின்மையையும் கூற இயலாது. மோதிரத்தின் விலை அதே பக்கத்தில் இருக்கிறது. அப்படியானால் எங்களைத் தடுத்தது எது?

இதே கேள்வியை எழுபது ஆண்டுகளுக்குமுன் அமெரிக்கப் பொதுநலத் துறையினர் எழுப்பினர். காசநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய, மார்பு எக்ஸ்ரே எடுக்கும் வண்டிகளைத் தெருத்தெருவாக அனுப்பினார்கள். கட்டணம் கிடையாது, தொலைவும் இல்லை. ஆயினும் பலர் வரவில்லை. அத்துறையைச் சேர்ந்த காட்ஃபிரே ஹோக்பாம் என்ற உளவியலார் மூன்று நகரங்களில் 1,200-க்கு மேற்பட்ட வயதுவந்தோரை வினவி, 1958-இல் முடிவை வெளியிட்டார். இந்நோய் எனக்கும் வரலாம், முன்னரே கண்டறிந்தால் நன்மை உண்டு என்று இரண்டையும் நம்பியவர்களில் நூற்றுக்கு 82 பேர் தாமாகவே எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தனர். இரண்டையும் நம்பாதவர்களில் நூற்றுக்கு 21 பேரே எடுத்திருந்தனர். இருசாராருக்கும் சட்டைப்பையில் இருந்த பணம் அன்று, நெஞ்சில் இருந்த நம்பிக்கையே வேறுபாடு. எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு கொடிது, தடுத்தால் பயன் உண்டா, தடுப்பதில் என்ன தொல்லை என்ற நான்கு கேள்விகளுக்கும் மனிதன் தனக்குள் சொல்லிக்கொள்ளும் விடையே அவனை நடத்துகிறது என்று அத்துறை அறிஞர்கள் வகுத்தனர்.

அந்த நான்கு கேள்விகளுக்கும் எங்கள் விடைகளை எழுதிப் பார்த்தோம். வருமா? இத்தனை ஆண்டு வரவில்லையே. கொடிதா? வேளார் எழுதினால் போவதுதானே. பயன் உண்டா? இருக்கலாம். தொல்லை என்ன? இருபதாயிரம் ரூபாய். முதல் மூன்று விடைகளும் மெலிந்திருந்தபடியால் நான்காவது மலைபோல் நின்றது. விலை உயர்ந்திருந்தது உண்மை. ஆனால் அதை அத்தனை உயரமாகக் காட்டியது எங்கள் நம்பிக்கையின் பள்ளம்.

இன்னொன்றும் உண்டு. தடுப்பூசி என்பது குழந்தைகளுக்கு உரியது, அரசு இலவசமாகத் தருவது என்ற எண்ணத்தில் வளர்ந்த தலைமுறை எங்களுடையது. 1995 முதல் போலியோ சொட்டு மருந்து நாள்களில் பள்ளி வாசலில் அமர்ந்து, குழந்தைகளின் சுண்டுவிரலில் மை தொட்டு வைத்தவர்கள் நாங்கள். 2014-இல் நம் பகுதி போலியோ அற்றது என்று சான்று கிடைத்தபோது மகிழ்ந்தோம். அந்த வெற்றியே எங்களுக்கு ஒரு தவறான பாடத்தையும் கற்பித்துவிட்டது: நல்ல ஊசி என்றால் அது தானே நம்மைத் தேடி வரும், விலை சொல்லி வரும் ஊசி ஏதோ வணிகம். தடுத்த நோய் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். நோய் குணமானால் மருத்துவரைப் புகழ்வோம். நோய் வராமற்போனால் யாரைப் புகழ்வது?

கோவிட் காலத்தில் நாடு முழுவதும் இதைக் கண்டோம். 2022 ஏப்ரல் 10 முதல், 18 முதல் 59 வயதினர் மூன்றாம் தவணை ஊசியைத் தனியார் மருத்துவமனைகளில் கட்டணம் செலுத்திப் போட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். ஊசிக்கு 225 ரூபாய். போடுவதற்கான கட்டணம் 150 ரூபாய்க்கு மிகாது. மூன்று மாதம் கழிந்தபோது, தகுதியுடையோரில் நூற்றுக்கு ஒருவர்கூடப் போட்டிருக்கவில்லை. ஜூலை 15 முதல் 75 நாள்களுக்கு அரசு மையங்களில் இலவசம் என்றதும் வருகை பன்மடங்காயிற்று. ஆனால் அப்போதும் பெரும்பான்மையோர் வரவில்லை. விலையை நீக்கியதும் சிலர் வந்தனர் என்றால், அவர்களைத் தடுத்தது விலை. விலை நீங்கியும் வராதவரைத் தடுத்தது, 'இனி அது நமக்கு ஒன்றும் செய்யாது' என்ற எண்ணமே.

எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அந்த 375 ரூபாயை வீண்செலவு என்று கூறியவர். இரண்டாண்டு கழித்து ஓரிரவு தெருநாய் அவரைக் கடித்துவிட்டது. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடும் ஊசிக்கு விடியும்வரை காத்திராமல், தனியார் மருத்துவமனைக்கு ஓடினார். விலை கேட்கவில்லை. ஐந்து தவணையையும் நாள் தவறாமல் போட்டுக்கொண்டார். அவர் செய்தது முற்றிலும் சரி. வெறிநோய் வெளிப்பட்டபின் பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் அவருடைய பணப்பை இரண்டு முறையும் ஒன்றே. கடித்த பல்லின் தடம் காலில் தெரிந்தது, அவ்வளவுதான் வேறுபாடு.

எங்களையும் நாங்கள் விட்டுவிடவில்லை. 2025-இல் ஓர் ஆய்வைப்பற்றிப் படித்தோம். வேல்ஸ் நாட்டில் 2013-இல் முதியோருக்கு அக்கித் தடுப்பூசியின் முந்தைய வகையைத் தரத் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2-க்குமுன் பிறந்தவர்களுக்கு அது இல்லை என்று வரையறுத்தனர். அந்த நாளுக்குச் சற்றுமுன் பிறந்தவர்களையும் சற்றுப்பின் பிறந்தவர்களையும் ஏழாண்டு ஒப்பிட்டதில், ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் நினைவாற்றலை அழிக்கும் முதுமை நோய் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகக் காணப்பட்டதாம். இப்போதைய ஊசிக்கும் அது பொருந்துமா என்பதை இனிமேல்தான் உறுதிசெய்ய வேண்டும். ஆனால் அதைப் படித்த அன்றிரவே நாங்கள் இருவரும் ஊசி போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தோம். நினைவு தடுமாறிய பெற்றோரைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த அச்சம் எங்களுக்கு உண்டு. அதே ஊசி, அதே இருபதாயிரம். 2023-இல் சிரிப்பை வரவழைத்த விலை 2025-இல் மலிவாகத் தோன்றியது. மாறியது விலையன்று, எங்கள் அச்சமே.

இவ்வாறு எழுதும்போது ஒன்றை மறைத்தல் ஆகாது. நம்பிக்கையைப்பற்றிப் பேசுவது கையில் பணமுள்ளவர்க்கே தகும். எங்கள் வீட்டுக்குச் சுவர் பூச வந்த சித்தாள் அம்மாளிடம் அக்கி ஊசியைப்பற்றிச் சொன்னோம். "அது எங்களுக்கு ஆகிற பேச்சா, டீச்சர்?" என்று மண்சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவருடைய மறுப்பும் எங்கள் மறுப்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றே. கேள்வித்தாள் கொண்டு எண்ணுவோர் இரண்டையும் ஒரே கட்டத்தில் குறிக்கக்கூடும். ஆனால் நாங்கள் மறுத்தது மனத்தினால். அவர் மறுத்தது வயிற்றினால். இலவச ஊசிக்குக்கூட அவர் ஒருநாள் கூலியைக் கொடுத்தாக வேண்டும். அவர்க்கு அறிவுரை வேண்டியதில்லை. விலை குறைய வேண்டும், அல்லது அரசு ஏற்கவேண்டும்.

வேளார் தெருப் பெரியவரையும் நாங்கள் குறைகூற மாட்டோம். மூன்று நாள் வீணானது உண்மை. ஆயினும் அவர் அக்காவை அமரவைத்து, எங்கே எரிகிறது என்று கேட்டு, ஒவ்வொரு கொப்புளமாகப் பார்த்து எழுதினார். நாங்களோ, அவர் உடம்பைக் குறித்த ஒரு முடிவை அவரிடம் கேளாமலே வழியில் முடித்துவிட்டு வந்தோம்.

இதனை அக்காவிடம் ஒருநாள் ஒப்புக்கொண்டோம். 2023-இல் மருத்துவர் சொன்னது, நாங்கள் சிரித்தது, சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும் கூறினோம். அவர் தளர்ந்த மேலாடையை விலாவில் படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். சினம் கொள்ளவில்லை.

"கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், தம்பி. எனக்கு எதற்கு இருபதாயிரம் என்றுதான் சொல்லியிருப்பேன்" என்றார். சற்றுநேரம் கழித்து, "ஆனாலும் நீங்கள் கேட்டிருக்கலாம்" என்றார்.

அதன்பின் உள்ளே சென்று தம் தகரப் பெட்டியைத் திறந்தார். தம் அடக்கச் செலவுக்கென்று சேர்த்து வைத்திருந்த பணம் அதில் இருந்தது. அக்கி ஒருமுறை வந்தவர்க்கும் மீண்டும் வரக்கூடும், அவர்களும் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று மருத்துவர் கூறியிருந்ததை அவரிடம் சொல்லியிருந்தோம். "மூன்று பேருக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். என் பங்கு இதில் இருக்கிறது" என்றார். வாங்க மறுத்தோம். அவர் கையை மடக்கவில்லை. அவருடைய பணத்தை மறுப்பதும் அவரைக் கேளாமல் முடிவு செய்வதேயாகும் என்று தோன்றவே, வாங்கிக்கொண்டோம்.

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கும். எழுதாவிட்டாலும் மனத்தில் இருக்கும். அதில் 'பிறகு பார்க்கலாம்' என்று நீங்கள் தள்ளிவைத்தவற்றை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எந்த ஊசியை வாங்குவது, எதை விடுவது என்று உங்களுக்குச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை; அதற்கு மருத்துவர் இருக்கிறார். விலை மிகுதி என்று ஒதுக்குமுன், அந்த நோயைப்பற்றி நீங்கள் நம்புவது என்ன, அதை யாரிடமிருந்து கற்றீர்கள் என்று மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அவரையும் கேளுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லக்கூடும். சொல்லட்டும். அந்தச் சொல் அவருடையதாக இருக்கட்டும்.

அன்றிரவு புத்தகத்தில் "அக்கி ஊசி, முதல் தவணை, மூவருக்கு" என்று எழுதினோம். பக்கத்தில் அக்காவின் பங்கைத் தனியே வரவு வைத்தோம். அடுத்த அறையில் அவர் உறங்காமல் புரண்டுகொண்டிருந்த ஓசை கேட்டது. விசிறியை நிறுத்திவிட்டு நாங்களும் படுத்தோம்.